முளையிலே தெரியாத பயிர்கள்

பேஸ்போல் மனேஜ்மென்ட் விளையாட்டு விளையாடுகிற எல்லாருக்கும் இந்தத் திரை பழக்கம். ஒரு பெடியன். வயது 18. இடது கை பிட்சர். இன்றைய திறமை 30. நாளைக்கு வரக்கூடிய திறமை, அதாவது பொட்டென்ஷியல், 65. அவனை ஒரு படி மேலே அனுப்பலாம். இருக்கிற இடத்திலேயே விடலாம். வேறு கழகத்துக்கு மாற்றிவிடலாம். ஒப்பந்தத்தை முடித்து வீட்டுக்கே அனுப்பிவிடலாம். எதற்கும் ஒரு கிளிக் போதும்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். புட்போல் மனேஜர் தெரியும்தானே? அதே மாதிரி பேஸ்போலுக்கும் ஒன்று இருக்கிறது. பெயர் அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல். இதில் நீங்கள் மட்டையைத் தூக்கி அடிப்பதில்லை. கழகத்தை நடத்துகிறீர்கள். பெரிய அணியில் 26 பேர். அவர்களுக்குக் கீழே ட்ரிபிள் ஏ, டபிள் ஏ, அதற்கும் கீழே இன்னும் சில அணிகள் என்று ஒரு படிக்கட்டு. கடைசிப் படியில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெடியன்கள். பலருக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே இந்தப் பகுதிதான். 17 வயதில் நீங்கள் எடுத்த ஒருவன், ஐந்து வருடம் கழித்து பெரிய அரங்கில் இறங்கும்போது வருகிற சந்தோசம் தனி.

இந்தப் படிக்கட்டுக்கு அமெரிக்காவில் ஃபார்ம் சிஸ்டம் என்று பெயர். ஃபார்ம் என்றால் பண்ணை. வீரர்களைப் பயிர் மாதிரி விதைத்து, வளர்த்து, அறுவடை செய்கிற இடம். பயிர் என்றதும் எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி ஞாபகம் வருகிறது: விளையும் பயிர் முளையிலே தெரியும். அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் இருக்கிற 65 என்ற எண் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். ஆனால் இந்தப் பண்ணை முறையை உருவாக்கிய மனிதர் அந்தப் பழமொழியை நம்பி அதைத் தொடங்கவில்லை. முளையைப் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்ற எண்ணத்தில்தான் தொடங்கினார். அந்தக் கதையையும், அதற்காக யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்ப்போம்.

காசில்லாத கழகம்

அந்த மனிதரின் பெயர் பிராஞ்ச் ரிக்கி. 1881 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பேஸ்போல் விளையாடினார், பெரிதாகச் சோபிக்கவில்லை. சட்டம் படித்தார். 1917 இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்குப் பொறுப்பாக வந்தார்.

அந்தக் காலத்துக் கார்டினல்ஸ் ஓர் ஏழைக் கழகம். அப்போது ஊருக்கு ஊர் இருந்த சின்ன லீக் அணிகள் எல்லாம் தனித்தனிச் சொந்தக்காரர்களின் வியாபாரம். அவர்கள் ஒரு நல்ல பெடியனைக் கண்டுபிடித்து வளர்ப்பார்கள். பிறகு பெரிய கழகங்களுக்கு விற்பார்கள். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு.

ரிக்கியின் ஸ்கவுட்டுகள், அதாவது ஊர் ஊராகப் போய் வீரர்களைத் தேடுகிறவர்கள், கெட்டிக்காரர்கள். நல்ல வீரரைக் கண்டுபிடிப்பார்கள், விலை கேட்பார்கள். "கார்டினல்ஸ் விலை கேட்கிறது" என்ற செய்தி வெளியே போகும். ரிக்கிக்குத் திறமையைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடனே நியூயோர்க் மாதிரி நகரங்களின் பணக்காரக் கழகங்கள் அதைவிட அதிக விலை சொல்லி அந்த வீரரைக் கொண்டு போய்விடும். தேடுகிற வேலை ரிக்கிக்கு, பலன் வேறு யாருக்கோ.

வாங்க முடியாவிட்டால் வளர்க்கலாம். இதுதான் அவர் கண்ட வழி. டெக்சாஸில் ஹூஸ்டன், ஆர்கன்சாவில் ஃபோர்ட் ஸ்மித், நியூயோர்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்று சின்ன லீக் அணிகளில் பங்கு வாங்கத் தொடங்கினார். அதற்குக் காசு? 1920 இல் கழகம் தன் பழைய மைதானத்தை விட்டு இன்னொரு கழகத்தின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. பழைய மைதானத்துக் காணியை விற்ற பணம் பண்ணைக்கு உதவியது. அந்தக் காணியில் பின்னர் ஒரு உயர்தரப் பள்ளிக்கூடம் எழுந்தது.

ரிக்கியின் கணக்கு சுலபமானது. பத்துப் பேரைப் பார்த்து, இவர்களில் யார் பெரிய ஆளாக வருவான் என்று சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே நூறு பேரை எடு. நன்றாகப் பயிற்சி கொடு. மேலே வருகிறவர்கள் வரட்டும். எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் அதற்குள்ளிருந்து தரம் வரும்.

வந்தது. 1926 இல் கார்டினல்ஸ் முதல் முறையாக உலகத் தொடரை வென்றது. 1926 முதல் 1946 வரை 9 லீக் பட்டங்கள், 6 உலகத் தொடர்கள். ஆர்கன்சாவில் பஞ்சு பறித்து வளர்ந்த டிசி டீன் என்ற பிட்சர் இந்தப் பண்ணையில் வந்தவர்தான். 1934 இல் ஒரே பருவத்தில் 30 ஆட்டங்களை வென்றார். 1940 அளவில் கார்டினல்ஸின் கையில் 30க்கும் மேற்பட்ட சின்ன அணிகள் இருந்தன. பண்ணைக்குள் 600க்கும் மேற்பட்ட வீரர்கள்.

உங்கள் திரையில் இருக்கிற 20 முதல் 80 வரையான அளவுகோலையும் ரிக்கியின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. 80 என்றால் தலைமுறைக்கு ஒருவர். இன்றும் உண்மையான ஸ்கவுட்டுகள் இந்த அளவுகோலில்தான் எழுதுகிறார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தோள் உடைந்த பிட்சர்

இனி அந்த அளவுகோலில் அடங்காத ஒருவரின் கதை.

பென்சில்வேனியாவில் டொனோரா என்று ஓர் ஆலை நகரம். போலந்தில் இருந்து குடிபெயர்ந்து வந்து அங்கே கூலி வேலை செய்தார் ஒரு அப்பா. மகன் ஸ்டான் மியூசியல் 1920 இல் பிறந்தான். பதினாறு, பதினேழு வயதில் கார்டினல்ஸ் அவனைக் கேட்டு வந்தபோது அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. மகன் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு நாட்டுக்கு வந்து கையால் உழைத்தவர், பிள்ளையின் கையில் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும் என்று நினைத்தார். இந்த அப்பாவை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கடைசியில் மனம் இளகிக் கையெழுத்துப் போட்டார்.

மகன் இடது கை பிட்சராகச் சேர்ந்தான். அந்தக் காலத்தில் சின்ன லீக்குகள் ஏ, பி, சி, டி என்று கீழே கீழே போகும். மியூசியலை டி படியில் போட்டார்கள். முதல் பருவத்தில் 6 வெற்றி, 6 தோல்வி. பந்து வேகமாக வந்தது, ஆனால் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது வருடம், 1940 இல், புளோரிடாவின் டேட்டோனா பீச் அணிக்கு அனுப்பினார்கள். அதுவும் டி படிதான். மூன்று வருடம், ஒரே படி. உங்கள் விளையாட்டில் இப்படி ஒருவன் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

டேட்டோனாவின் மனேஜர் டிக்கி கெர். ஒரு காலத்தில் பெரிய லீக்கில் பிட்சராக இருந்தவர். மியூசியல் மட்டையாலும் நன்றாக அடிப்பதைக் கவனித்தார். பந்து வீசாத நாட்களில் அவனை வெளிக்களத்தில் நிறுத்தினார். மியூசியலுக்கு அப்போதே கல்யாணமாகி, மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தார். சின்ன லீக் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். கெர்ரும் மனைவியும் இருவரையும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஆட்டத்தில், வெளிக்களத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த மியூசியல் இடது தோளில் விழுந்தான். பந்து வீசும் தோள். பிட்சர் மியூசியலின் கதை அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் அவன் முழுநேர அவுட்ஃபீல்டர், முழுநேர பேட்ஸ்மன். மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கினான். 87 ஆட்டங்களில் 26 ஹோம் ரன். அங்கிருந்து பல படிகள் தாவி ரொசெஸ்டர். அங்கேயும் நிற்கவில்லை. 1941 செப்டெம்பர் 17 அன்று செயின்ட் லூயிஸில் பெரிய அணிக்காக இறங்கினான். தோள் உடைந்து 13 மாதம்தான் ஆகியிருந்தது.

1963 இல் ஓய்வு பெறும்போது ஸ்டான் மியூசியலின் கணக்கு 3,630 ஹிட். சொந்த மைதானத்தில் 1,815, வெளி மைதானங்களில் 1,815. சரிபாதி. 7 முறை லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி. 3 முறை மிகச் சிறந்த வீரர் விருது. பின்னாளில் டிக்கி கெர்ருக்கு ஹூஸ்டனில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்.

முளையில் தெரிந்தது ஒரு சுமாரான பிட்சர். விளைந்தது வேறு பயிர். ரிக்கியின் பண்ணைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மியூசியல் பெரிய ஆளாக வருவார் என்று 1938 இல் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் அவரை வைத்திருக்க ஒரு பண்ணை இருந்தது. அந்தப் பண்ணையில் கண் திறந்து பார்த்த ஒரு மனிதரும் இருந்தார்.

பண்ணையின் மறுபக்கம்

இவ்வளவு நேரமும் நாங்கள் கதையைக் கழகத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தோம். இப்போது அந்த 600 பேரின் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ரிசேர்வ் கிளோஸ் என்று ஒரு விதி இருந்தது. ஒருமுறை கையெழுத்துப் போட்டால், கழகமாக விடுகிற வரை நீங்கள் அந்தக் கழகத்துக்கே சொந்தம். வேறு யாரிடமும் வேலை கேட்க முடியாது. ஒரு கழகத்திடம் 30 அணிகள் இருந்தால், மேலே இடமே இல்லாத ஒரு நல்ல வீரரையும் வருடக்கணக்கில் கீழே வைத்திருக்கலாம். வேறு கழகத்தில் அவருக்கு உடனே இடம் கிடைக்கக்கூடும். அது அவருக்குத் தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பேஸ்போலின் தலைமை ஆணையாளராக இருந்த நீதிபதி லாண்டிஸுக்கு இந்தப் பண்ணை முறை பிடிக்கவே இல்லை. 1938 மார்ச்சில், கார்டினல்ஸ் விதிகளை ஏமாற்றி வீரர்களை மறைத்து வைத்திருந்ததாகச் சொல்லி 70க்கும் மேற்பட்ட சின்ன லீக் வீரர்களை ஒரே நாளில் விடுதலை செய்தார். அவர்களில் ஒருவர் பீட் ரைசர், 19 வயது, செயின்ட் லூயிஸிலேயே பிறந்தவர். அவர் புரூக்லின் டொட்ஜர்ஸில் சேர்ந்தார். 1941 இல் லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. அதே வருடம் டொட்ஜர்ஸ் லீக் பட்டத்தை எடுத்தது. இரண்டாவதாக வந்த கழகம் எது தெரியுமா? கார்டினல்ஸ்.

இன்னொரு பெரிய அநியாயமும் இருந்தது. பண்ணையின் கதவு கறுப்பின வீரர்களுக்கு மூடியே இருந்தது. அவர்கள் நீக்ரோ லீக்ஸ் என்ற தனி லீக்குகளில் விளையாடினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பெரிய லீக் நட்சத்திரங்களுக்குச் சமமானவர்கள். இன்னும் சிலர் அதற்கும் மேல். ஆனால் பெரிய கழகங்களின் ஸ்கவுட்டுகள் அவர்களுக்கு எந்த எண்ணும் கொடுக்கவில்லை. முளையைப் பார்ப்பது இருக்கட்டும், விதையையே நிலத்தில் போட விடவில்லை.

மொன்றியலில் நடந்தது

இங்கே கதை கனடாவுக்கு வருகிறது. மொன்றியலில் இருக்கிறவர்கள் கவனியுங்கள், இது உங்கள் ஊர்க் கதை.

1942 பருவம் முடிந்ததும் ரிக்கி கார்டினல்ஸை விட்டு டொட்ஜர்ஸுக்குப் போனார். டொட்ஜர்ஸின் பண்ணையில் பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த அணிகளில் ஒன்று மொன்றியல் ரோயல்ஸ். 1945 ஒக்டோபரில் ஜாக்கி ரொபின்சன் ரோயல்ஸில் சேர்ந்த செய்தி மொன்றியலில் வைத்துத்தான் அறிவிக்கப்பட்டது. பெரிய கழகங்களின் பண்ணைக்குள் நவீன காலத்தில் வெளிப்படையாக வந்த முதல் கறுப்பின வீரர் அவர். 1946 முழுவதும் மொன்றியலுக்காக விளையாடினார். அந்த வருடம் லீக்கிலேயே அதிக பேட்டிங் சராசரி அவருடையது. ரோயல்ஸ் லீக்கை வென்றது, அதன் பிறகு சின்ன உலகத் தொடரையும் வென்றது. அமெரிக்காவின் சில ஊர்களில் கேட்ட வசைகளுக்கு நடுவே, மொன்றியல் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று அவர் டொட்ஜர்ஸுக்காக இறங்கினார். அப்போது அவருக்கு 28 வயது. பண்ணைக் கணக்கில் 28 என்பது ஏற்கெனவே விளைந்து முடிந்த வயது. இழந்த வருடங்கள் அவருடைய குற்றமில்லை.

ரிக்கி செய்தது துணிச்சலான வேலை. அதில் சந்தேகமே இல்லை. அதே ரிக்கி, ரொபின்சன் முன்பு விளையாடிய கான்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் என்ற நீக்ரோ லீக் அணிக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

மொன்றியல் இன்னொரு பெயரையும் தந்தது. அலன் ரோத். மொன்றியலில் பிறந்தவர், கணக்கில் பைத்தியம். 1947 இல் ரிக்கி அவரை டொட்ஜர்ஸின் முழுநேரப் புள்ளிவிவரக்காரராக எடுத்தார். ஒவ்வொரு பந்தையும் எழுதி வைத்து, எந்த வீரர் எந்த நிலையில் எப்படி ஆடுகிறார் என்று பிரித்துக் காட்டினார். இன்று உங்கள் விளையாட்டில் பக்கம் பக்கமாகத் திறக்கிற அட்டவணைகளுக்கு அவர் ஒரு பாட்டனார்.

1954 இல் மொன்றியல் ரோயல்ஸில் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஒரு 19 வயதுப் பெடியன் இருந்தான். டொட்ஜர்ஸ் 10,000 டொலர் முன்பணம் கொடுத்து எடுத்த ரொபேர்ட்டோ கிளெமென்டே. அந்தக் கால விதிப்படி, அவ்வளவு முன்பணம் வாங்கிய வீரரைப் பெரிய அணியில் வைக்காமல் கீழே அனுப்பினால், பருவம் முடிந்ததும் மற்றக் கழகங்கள் அவரை எடுக்கலாம். கிளெமென்டேயை மொன்றியல் பெரும்பாலும் உட்கார வைத்தே இருந்தது. ஆனால் பார்க்க வேண்டிய ஒருவர் பார்த்துவிட்டார். அந்த நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. பைரேட்ஸுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் யார்? ரிக்கி. தான் கட்டிய டொட்ஜர்ஸ் பண்ணையில் இருந்தே அறுவடை செய்தார்.

கிளெமென்டே 3,000 ஹிட் அடித்தார். 1972 டிசம்பர் 31 அன்று, நிக்கராகுவாவில் பூமியதிர்ச்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருட்கள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார்.

உங்கள் விளையாட்டில் ஒவ்வொரு டிசம்பரும் ரூல் 5 டிராஃப்ட் என்று ஒன்று வரும். பலர் அதைத் தொல்லை என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். கிளெமென்டே பைரேட்ஸுக்குப் போனது அந்த டிராஃப்டில்தான். நல்ல வீரர்களைக் கீழே பூட்டி வைக்கக்கூடாது என்பதற்காக வந்த விதி அது.

தாயக்கட்டையில் இருந்து கணினிக்கு

இந்த வரலாறு எப்படி விளையாட்டுக்குள் வந்தது?

முதலில் அட்டையும் தாயக்கட்டையும். 1951 இல் அமெரிக்காவில் ஆப்பா என்ற விளையாட்டு விற்பனைக்கு வந்தது. 1961 இல் ஹால் ரிச்மன் என்ற இளைஞர் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்ற விளையாட்டை வெளியிட்டார். பதினொரு வயதில் இருந்தே அதை யோசித்துக் கொண்டிருந்தவர். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. கட்டையை உருட்டினால், அந்த வீரர் போன வருடம் ஆடிய மாதிரியே அட்டையிலும் ஆடுவார்.

கவனியுங்கள்: போன வருடம். அட்டையில் இருப்பது முடிந்துபோன ஒரு பருவம். அட்டைக்கு வயது போகாது, அது வளராது. அட்டை விளையாட்டில் மியூசியல் எப்போதும் மியூசியல்தான். டி படியில் தடுமாறிய பெடியனுக்கு அங்கே அட்டையே இல்லை.

கணினி வந்தும் கொஞ்சக் காலம் இப்படித்தான் இருந்தது. 1971 இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் டொன் டாக்லோ என்ற மாணவர் பெரிய கணினி ஒன்றில் பேஸ்போல் நிரல் எழுதினார். 1987 இல் ஏர்ல் வீவர் பேஸ்போல் வந்தது. அதைச் செய்தவர்களிலும் டாக்லோ ஒருவர். 1992 இல் இங்கிலாந்தில் கொலியர் சகோதரர்கள் சாம்பியன்ஷிப் மனேஜரை வெளியிட்டார்கள். நீங்கள் விளையாடும் புட்போல் மனேஜரின் மூத்த அண்ணன் அது. 1999 இல் ஜேர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஹைன்சோன், அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போலை வெளியிட்டார். பேஸ்போல் பெரிதாகப் பரவாத ஒரு நாட்டில் இருந்து, இந்த வகையில் முக்கியமான ஒரு விளையாட்டு வந்தது.

இந்த வகை விளையாட்டுகள் செய்த பெரிய மாற்றம், எதிர்காலத்தைக் கொண்டுவந்ததுதான். வீரருக்கு வயது போகும். திறமை ஏறும், இறங்கும். காயம் வரும். பொட்டென்ஷியல் என்று ஓர் எண் இருக்கும், ஆனால் அது உங்கள் ஸ்கவுட்டின் அபிப்பிராயம் மட்டுமே. உங்கள் ஸ்கவுட்டுக்கு 65 என்று தெரிவது இன்னொரு கழகத்தின் ஸ்கவுட்டுக்கு 45 என்று தெரியலாம். எந்தக் காரணமும் இல்லாமல் ஒருவனின் திறமை திடீரென்று ஏறி இறங்குகிற அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அமைப்பும் உண்டு. யாராலும் முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது என்ற ரிக்கியின் எண்ணத்துக்கு அங்கே ஒரு பொத்தானே இருக்கிறது.

உண்மை வாழ்க்கையும் அதையே சொல்கிறது. 1988 டிராஃப்டில் மைக் பியாசாவை எடுத்தபோது அவருக்கு முன் 1,389 பேர் போயிருந்தார்கள். குடும்ப நண்பர் ஒருவருக்காகச் செய்த உதவி அது. 2016 இல் அவர் புகழ்மண்டபத்தில் சேர்ந்தார். வெனிசுவேலாவில் ஹொசே அல்ட்டூவேயை உயரம் போதாது என்று தேர்வில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் திரும்பவும் போய் நின்றார். ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் 15,000 டொலருக்கு எடுத்தது. 2017 இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். முளையிலே தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மொன்றியலில் பிறந்த விளாடிமிர் கெரேரோ ஜூனியரை ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் 16 வயதில் 39 இலட்சம் டொலருக்கு எடுத்தது, அது வீண் போகவில்லை. பழமொழி முழுப் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு கழகத்தை நடத்த முடியாது.

திரையில் தெரியாத ஒன்று

விளையாட்டில் கீழ்ப்படி அணிகளின் வீரர்களுக்குச் சாப்பாடு, வாடகை, வீட்டுக்கு அனுப்பும் காசு எதுவும் இல்லை. உண்மையில் இருந்தது. அதுவே பெரிய போராட்டமாகவும் இருந்தது.

ரிசேர்வ் கிளோஸை எதிர்த்து 1970 இல் கேர்ட் ஃபிளட் என்ற கார்டினல்ஸ் வீரர் வழக்குப் போட்டார். தன்னைக் கேட்காமலே தன்னை இன்னொரு கழகத்துக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். 1972 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், அவருடைய விளையாட்டு வாழ்க்கையும் முடிந்தது. ஆனால் அவர் தட்டிய கதவை 1975 இல் வேறு இரண்டு பிட்சர்கள் திறந்தார்கள். பெரிய லீக்கின் மூத்த வீரர்களுக்குச் சுதந்திரம் வந்தது.

கீழே இருந்தவர்களுக்கு வரவில்லை. 2014 இல் சில சின்ன லீக் வீரர்கள் சம்பளச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2018 இல் அமெரிக்க காங்கிரஸ், அவர்களுக்கு மேலதிக நேரச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு சட்டத்தையே இயற்றியது. 2021 இல் கழகங்கள் பண்ணையைச் சுருக்கின. 160 அணிகள் 120 ஆகின. பல சின்ன ஊர்கள் தங்கள் அணியை இழந்தன. 2022 இல் அந்த வழக்கு 185 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. அதே வருடம் சின்ன லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 இல் முதல் முறையாகக் கூட்டு ஒப்பந்தம் வந்தது. டபிள் ஏ வீரரின் வருடச் சம்பளம் 13,800 டொலரில் இருந்து 30,250 டொலராக உயர்ந்தது. ரூக்கிப் படியில் இருப்பவருக்கு 4,800 இல் இருந்து 19,800.

4,800 டொலர், ஒரு வருடத்துக்கு. நீங்கள் ஒரு கிளிக்கில் மேலும் கீழும் அனுப்பும் பெடியன்களின் நிலை, சில வருடங்களுக்கு முன்புவரை இதுதான். நூறு விதைத்து நாலு அறுவடை செய்கிற கணக்கில், மற்ற 96 பேரின் இளமையும் செலவுக் கணக்கில் வரவேண்டும். ரிக்கி அதை எழுதவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் மிக நாளாக எழுதவில்லை.

எங்களுக்கும் இது தெரிந்த கதைதான்

இலங்கையில் பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை. இங்கிலாந்தில் லெவன் பிளஸ். ஜேர்மனியின் பல மாநிலங்களில் நாலாம் வகுப்போடு யார் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று பிரித்துவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வயதில், பொட்டென்ஷியல் எண்ணோடு நடந்தவர்கள்தான். அந்த எண் நல்லதாக வந்தவர்களுக்கு அது சுமை. குறைவாக வந்தவர்களுக்கு அது வேறு மாதிரிச் சுமை.

அளப்பதே பிழை என்று இந்த வரலாறு சொல்லவில்லை. அலன் ரோத் அளந்ததால்தான் பலர் கவனிக்காத திறமைகள் வெளியே தெரிந்தன. எண்ணைப் பார்த்ததும் மனிதரைப் பார்ப்பதை நிறுத்தினால்தான் பிரச்சினை. டிக்கி கெர் நிறுத்தவில்லை. பீட் ரைசரையும் கிளெமென்டேயையும் வைத்திருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், இழந்தார்கள்.

ஆகவே அடுத்த முறை விளையாடும்போது இரண்டு மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். ஸ்கவுட்டிங்கை அணைத்துவிட்டு உண்மை எண்களை மட்டும் பார்த்து விளையாடாதீர்கள், தெரியாமல் இருப்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. ஓர் இடத்தில் சரிவராதவனை இன்னொரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அவசரப்பட்டு மேலே தள்ளாதீர்கள். ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அவனுடைய பக்கத்தை முழுதாகத் திறந்து வாசியுங்கள். அவன் எந்த ஊர், எத்தனை வருடம் உங்களிடம் இருக்கிறான், கடின உழைப்பாளியா என்றெல்லாம் அங்கே இருக்கும்.

1940 ஆகஸ்டில் கார்டினல்ஸின் கோப்பில் மியூசியலைப் பற்றி எழுதக்கூடியது இவ்வளவுதான்: வயது 19, இடது கை பிட்சர், டி படியில் மூன்றாம் வருடம், பந்து வீசும் தோளில் காயம். அந்த வரியை மட்டும் வாசித்த எவரும் அவரை விட்டிருப்பார்கள்.